பீட்டர் அலிஸ் ஆடவே இல்லையா?

பிபிசியின் கோல்ஃப் வர்ணனையாளராக இருந்த பீட்டர் அலிஸைப் பற்றி, "அலிஸ் மைக் பிடித்தவர்தானே, கோல்ஃப் மட்டையை எங்கே பிடித்தார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தப்புங்க. அவர் 1931இல் பெர்லினில் பிறந்தபோது அப்பா பெர்சி அங்கே கிளப் பயிற்சியாளர். மகனுக்கும் அதே தொழில். இங்கிலாந்தின் பார்க்ஸ்டன் கிளப்பில் அண்ணன் அலெக்கோடு சேர்ந்து அந்த வேலையைப் பார்த்தார். 1958இல் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஓப்பன் போட்டிகள் மூன்றிலும் பட்டம் அவருக்கே. பிரிட்டனும் அமெரிக்காவும் அணியாக மோதிய ரைடர் கோப்பையில் 8 முறை ஆடினார். 1963இல் அட்லாண்டாவில் அந்தக் கோப்பையின் ஒற்றையர் ஆட்டத்தில் அமெரிக்க நட்சத்திரம் ஆர்னால்ட் பால்மரையே வீழ்த்தினார். கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் பட்டம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். காலை வாரியது பட்டிங், அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டுவது. குழி பக்கத்திலேயே இருக்கும், கை நகராது! பிபிசியில் 1961லேயே தலைகாட்டினாலும், 1978இல் மூத்த வர்ணனையாளர் ஹென்றி லாங்ஹர்ஸ்ட் மறைந்த பிறகுதான் தலைமை வர்ணனையாளர் ஆனார். புத்தகங்களும் எழுதியிருக்கிறார்.