முதுமலையில் வெட்டப்படுவது காட்டை விழுங்கும் அந்நிய மரம்

"முதுமலைக் காட்டையே வெட்டிக் காகித ஆலைக்கு விற்கிறார்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. மரங்கள் வெட்டப்படுவதும், மரம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குப் போவதும் உண்மை. காடு அழிக்கப்படுகிறது என்பது தவறு.

அகற்றப்படுவது மஞ்சள் கொன்னை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட மரம். நம் சரக்கொன்றை வேறு. பூவின் நிறத்தைப் பார்த்துப் பலரும் குழம்பிவிடுகிறார்கள். மஞ்சள் கொன்னை நெருக்கமாக வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. கீழே புல் வளர்வதில்லை. புல் இல்லாத இடத்தில் மானும் காட்டெருமையும் எதை மேயும்? தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும், அதுதான் வேதனை.

வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அதனால் பெரிய மரங்களுக்குப் பட்டை உரிக்கிறார்கள், கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். மண்ணில் கிடக்கும் விதைகள் பிறகும் முளைக்கும் என்பதால் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். அந்த இடத்தில் உள்நாட்டுப் புல்லும் மரங்களும் மீள வேண்டும். இந்தப் பின்பணி ஒழுங்காக நடக்கிறதா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

இது ரகசியமாக நடக்கும் வேலையும் அல்ல. அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இதுபற்றி உத்தரவுகள் பிறப்பித்துள்ளது. இரண்டையும் எவரும் தேடிப் படிக்கலாம்.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.