மலிவு விலைக்குப் பின்னால்

"விலை குறைந்தால் வாங்குபவருக்கு லாபம்தானே, ஊருக்கு என்ன நஷ்டம்?" என்று பெரிய கடைகளின் மலிவு விலையை ஆதரித்து எழுதிய கட்டுரையாளர் ஒருவர் கேட்கிறார். சரி, அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் ஓரியண்டலைப் பாருங்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2014-இல் பெரிய சங்கிலிக் கடை நிறுவனமான வால்மார்ட் அங்கே தன் சிறிய ரகக் கடை ஒன்றைத் திறந்தது. பல வருடமாக ஊருக்குச் சாமான் கொடுத்த குடும்ப மளிகைக் கடை போட்டி போட முடியாமல் அடுத்த வருடமே மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வால்மார்ட் அந்த ரகக் கடைகள் நூற்றிரண்டையும் மூடுவதாக அறிவித்தது, ஓரியண்டல் உட்பட. கணக்கு சரிவரவில்லையாம்! அப்புறம் நல்ல காய்கறி, இறைச்சி வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு வெளியூர்தான்.

மலிவைத் தேடிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தில் நாலு காசு மிச்சம் என்றால் நானும் போவேன். ஆனால் மலிவு என்பதே சில இடங்களில் கண்கட்டு வித்தை. டாலர் ஜெனரல் என்ற அமெரிக்க மலிவு விலைச் சங்கிலி மாதிரிக் கடைகளில் பொட்டலம் சின்னது, அதனால் விலையும் சின்னதாகத் தெரியும். எடைக்கு எடை பார்த்தால் பல நேரம் பெரிய கடையைவிட அதிகம் கொடுத்திருப்போம்.