அது கொன்றைதான், ஆனால் நம்ம கொன்றை இல்லை

மசினகுடி ரோட்டில் மஞ்சளாகப் பூத்த மரத்தோடு எடுத்த செல்ஃபியை, சரக்கொன்றை என்று சொல்லி ஒருவர் போட்டிருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே நான் போட்டது ஒரே ஒரு வரி. "இது சரக்கொன்றை இல்லைங்க, காட்டைக் கெடுக்கிற மஞ்சள் கொன்றை." அவ்வளவுதான். இரண்டு நாளாக நான் ரசனை கெட்டவள், பூவுக்கும் பூர்வீகம் கேட்கிறவள். ஸ்க்ரீன்ஷாட் வேறு சுற்றுகிறது. சுற்றட்டும்.

சரக்கொன்றைப் பூ சரம் சரமாகக் கீழே தொங்கும். பெயரிலேயே இருக்கிறது. மசினகுடி ரோட்டில் நீங்கள் செல்ஃபி எடுத்த மரத்தில் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிறது, பாருங்கள். அறிவியல் பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். சொந்த மண் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்கும் நிழலுக்கும் என்று நட்டது, இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டுக்குள் அடர்ந்து கிடக்கிறது. அதன் அடியில் புல் தலையெடுப்பதில்லை. புல் இல்லாத காட்டில் மான் என்ன செய்யும்? அதுவும் செல்ஃபி எடுக்குமா?

"பூ அழகாத்தானே இருக்கு?" நான் எப்போது இல்லை என்றேன்? அழகாக இருப்பதுதானே சிக்கலே! அசிங்கமாக இருந்திருந்தால் யாரும் கப்பலேற்றியிருக்க மாட்டார்கள். உண்ணிச்செடியும் அழகுதான், 1800களின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகத்தான் கல்கத்தாவுக்கு வந்தது. ஆகாயத்தாமரையும் அழகுதான், குளத்தில் தண்ணீர் தெரிகிற வரைக்கும்.

"மிளகாயும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான், குழம்பில் போட மாட்டீர்களா?" என்று ஒருவர். அதற்குத்தான் லைக் மழை. மிளகாய்ச்செடி வயலை விட்டுப் போய் யானை வழியை அடைத்தது என்று காட்டுங்கள், நான் குழம்பு வைப்பதையே விட்டுவிடுகிறேன்.

"வந்தேறி மரம்" என்று பதிலில் எழுதியது என் தப்பு. மனிதர்களை வைய வைத்திருக்கிற சொல், மரத்துக்கும் வேண்டாம். எடுத்துவிட்டேன். சொல்லை எடுத்ததும் மரம் போய்விட்டதா?

இந்தப் பூவுக்குத் தேனீ வருகிறதாம், இன்னொருவர் சொல்கிறார். வரட்டும்.

எனக்கு இந்த மரத்தோடு பகை என்கிறார்கள். பகை இருந்தால் அதன் நெற்றைப் பொறுக்கி வந்து கொல்லையில் நானே விதைத்திருப்பேனா? ஆமாம், நானேதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், கொன்றை என்று நம்பி. முதல் பூவுக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ஏன்டி விறைச்சுக்கிட்டு நிக்குது?" என்றாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்த பிறகு வெட்டினேன். மழை பெய்ததும் ஒன்றுக்கு ஏழாகத் தழைத்தது. இதை வெறுமனே வெட்டினால் சாகாது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்து, நின்றபடி காயவிட வேண்டும். 2022இல் தமிழக அரசே இதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அரசுக்கும் ரசனை இல்லை போலிருக்கிறது.

முகம் தெரியாதவர்கள் திட்டினால் போகட்டும் என்று விடலாம். "அக்கா, எதையும் ரசிக்கவே விட மாட்டீங்களா?" என்று எழுதிய தம்பி எட்டு வருடமாக இங்கே இருப்பவன். நான் போட்ட அத்தனை பூப் படத்துக்கும் ஹார்ட் போட்டவன். காட்டுப்பூ, வேலிப்பூ, பெயர் தெரியாத பூ என்று எத்தனை போட்டிருப்பேன்! ரசிக்கத் தெரியாதவளா நான்?

படத்தைப் போட்டவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அதனால் அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்: அது சரக்கொன்றை இல்லை.

கொல்லையில் அந்த அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. காலையில்கூட இரண்டு துளிர் கிள்ளிப் போட்டேன்.