சத்துமாவு விற்றால் பம்புக்கு என்ன போட்டி?

கம்பெனி வேலையில் இருந்துகொண்டே தனியாக வியாபாரம் செய்ததற்காக அந்தப் பொண்ணுக்கு வந்த மெமோவைப் பற்றி நேற்று முழுக்க ஆளாளுக்கு எழுதினீர்கள். "சோறு போடுற இடத்துக்குத் துரோகம்" என்று எழுதியவர்களில் என் நண்பர்களும் உண்டு. ராத்திரி தூக்கமே வரவில்லை.

அவள் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை விற்றது சத்துமாவு. அந்த மாவை வாங்கியதால் பம்ப் வாங்காமல் போனவர் ஒருத்தர் உண்டா? ஒரே ஒருத்தர்?

எனக்கு இது அடுத்த வீட்டுக் கதை இல்லை. 2019-இல் நானும் மனைவியும் காங்கேயத்திலிருந்து செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை வாங்கி, பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தோம். ஒளிக்கவில்லை. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு தொழில் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்து போட்ட ஆர்டரில் இருந்ததால், அனுமதி கேட்டு எச்.ஆருக்கு மூன்று மெயில் போட்டேன். ஏழாவது மாதம் பதில் வந்தது, உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸாக. பதினோரு வருஷம் பார்த்த இடம். அன்று கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. தொழிலை நிறுத்திவிட்டோம். காலி பாட்டில்கள் இன்னும் பரணில் இருக்கின்றன, மனைவி தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறாள்.

"கையெழுத்து போட்டீங்கல்ல?" போட்டேன். இருபத்திரண்டு வயதில், முதல் வேலையில், "ஒன்பதாம் பக்கத்துல இருக்கிற அந்த நிபந்தனையை மாத்துங்க சார்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

சட்டமும் தெரியும். 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி, தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்குத் தடை செல்லும் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நடந்தது என்ன? டயருக்கான நூல் தயாரிப்பைக் கற்றுக்கொண்டவர், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போட்டிக் கம்பெனிக்குப் போனார். அது போட்டி. கம்பெனி டிராயிங்கை வெளிப்பட்டறைக்குக் கொடுத்தால் அது திருட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். மாவு எப்படிப் போட்டியாகும்?

"ராத்திரியெல்லாம் மாவு அரைச்சுட்டு ஆபீசில் தூங்கினால்?" தூங்கினால், தூங்கியதற்கு மெமோ கொடுங்கள்.

ஒரே ஆள் 20 கம்பெனி வரைக்கும் டைரக்டராக இருக்க 2013 கம்பெனிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் கவனம் சிதறுமே என்று யாரும் கவலைப்படவில்லை. மாசக் கடைசியில் ஸ்கூல் பீஸுக்குத் திண்டாடுகிறவன் நாலு பாட்டில் எண்ணெய் விற்றால் மட்டும் துரோகியா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை "மெஷின் நின்னுபோச்சு, வாங்க" என்று கூப்பிட்டபோது சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடியிருப்பேன். அதற்கு ஒரு ரூபாய் கேட்டதில்லை.

அம்மணி, நீயும் அனுமதி கேட்டு மெயில் போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். விளக்கக் கடிதத்தோடு அதைத் தேதியோடு இணைத்துக் கொடு. நான் இணைக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.