எந்த ஹார்மோன்?

போன மாதம் அக்கா மகள் ஹாஸ்டலில் இருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். ரோஸ் நிற டப்பா, மேலே ஒரு தாமரை, அதற்குக் கீழே "பெண்களின் ஹார்மோன் சமநிலைக்கு". ஒரு மாதத்துக்கு 1,499 ரூபாய். "சித்தி, இதை வாங்கிட்டேன். நாட்டு மருந்துதான், சைடு எஃபெக்ட் எதுவும் கிடையாது. அம்மாகிட்ட சொல்லிராத."

மூன்று மாதமாக அவளுக்குப் பீரியட்ஸ் வரவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, எப்போதும் அசதி. அதே அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே இந்தப் பொடியைக் குடிக்கிறார்களாம். பத்தொன்பது வயதுப் பெண், சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறாள்.

டப்பாவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கழற்சிக்காய், சதாவேரி, அசோகப்பட்டை, வெந்தயம், அதிமதுரம், லவங்கப்பட்டை. எது எத்தனை கிராம் என்று போடவில்லை. பிசிஓடி, தைராய்டு, அதிக உதிரப்போக்கு, உதிரம் வராமை, வெள்ளைப்படுதல், மெனோபாஸ் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பொடிதான். வராதவளுக்கு வரவழைக்கும், நிற்காதவளுக்கு நிறுத்தும். கஸ்டமர் கேர் எண் இருந்தது. கூப்பிட்டேன். "இது எந்த ஹார்மோனைச் சமன் செய்யும்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எல்லா ஹார்மோனும் மேடம்."

சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஏனென்றால் நானும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவள்தான்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். பெரிய மனுஷி ஆனபோது பதினாறு நாளும் ஆச்சி கையால் உளுந்தங்களி சாப்பிட்டேன். உடன்குடிக் கருப்பட்டி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், பச்சை முட்டை. (பச்சை முட்டையை இன்றைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அன்றைக்கே பின்கட்டில் போய்த் துப்பிவிட்டுத்தான் வந்தேன்.) ஒவ்வொரு மாதமும் வயிறு பிசையும்போது ஆச்சி சுக்கும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, "ஏட்டி, சூட்டோட குடி, வயித்துக்கு இதமா இருக்கும்" என்பாள். இதமாகத்தான் இருந்தது.

ஆச்சியின் சுக்குத் தண்ணீர் வெறும் பாசம் மட்டும் இல்லை என்பது எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மாதவிடாயின்போது கர்ப்பப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பைத்தான் குறைக்கின்றன. இஞ்சியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்வதாகத் தெரிகிறது. ஈரானில் மாணவிகளை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மூன்று நாளுக்கு 250 மில்லிகிராம் இஞ்சித்தூளை நாளுக்கு நான்கு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். மெஃபனமிக் அமிலமும் ஐபுப்ரோஃபெனும் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த அளவுக்கே இவர்களுக்கும் வலி குறைந்தது. ஒரே ஆய்வை வைத்து ஆடக் கூடாது என்பது சரி. ஆனாலும் படித்த அன்று ஆச்சி படத்துக்கு முன்னால் போய் நின்று கொஞ்சம் சிரித்தேன்.

ஆனால் ஆச்சி எதற்கு எதைக் கொடுத்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வலிக்குச் சுக்கு, களைப்புக்குக் களி. "இது உன் ஹார்மோனைச் சமன் செய்யும்" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தினமும் காலையும் இரவும் தொண்ணூறு நாள் குடி என்றும் சொன்னதில்லை.

இப்போது என் கதை. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு உதிரப்போக்கு அதிகமானது. ஐந்து நாள் பத்து நாளாயிற்று, கட்டி கட்டியாகப் போயிற்று, ஒன்றுக்கு இரண்டாக நாப்கின் வைத்துக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருப்பேன். நம் பழைய வைத்தியத்தில் இதற்குப் பெரும்பாடு என்று பெயர். பெயர் வைத்தவர் அனுபவித்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் துவர்ப்பு சாப்பிடச் சொன்னார்கள். வாழைப்பூ, அத்திப்பிஞ்சு, மாதுளை ஓட்டுக் கஷாயம். அப்புறம் ஒரு வீடியோவைப் பார்த்து ஆன்லைனில் ஒரு லேகியம். எட்டு மாதம். ஒரு மாதம் குறைந்த மாதிரி இருக்கும், உடனே லேகியத்துக்கு நன்றி சொல்வேன். அடுத்த மாதம் கொட்டும், என்னைத் திட்டிக்கொள்வேன்: பத்தியம் சரியாக இருக்கவில்லை, நடுவில் காபி குடித்துவிட்டேன் என்று.

என்னைத் தடுத்து நிறுத்தியவர் ஆங்கில மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவில் இருந்த ஒரு பெண் மருத்துவர். நல்ல மருந்தாக எழுதி வாங்கலாம் என்றுதான் அவரிடம் போனேன். நாடி பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "பெரும்பாட்டுக்கு எங்ககிட்ட மருந்து இருக்கும்மா. ஆனா உங்க உடம்புல இப்ப ரத்தமே இல்ல. முதல்ல ரத்தம் பாருங்க, ஸ்கேன் பாருங்க, அப்புறம் வாங்க." ஹீமோகுளோபின் 6.9 வந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் நார்க்கட்டி. அந்த வாரமே இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, பிறகு கட்டியை எடுத்தார்கள். எட்டு மாதமும் என் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, நான் மாதுளை ஓட்டைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் 6.9-ஐ 12-க்குத் தூக்க அது போதாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்மில் பாதிப் பேர். அசதியாக இருக்கிறது, முடி கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே "ஹார்மோன் பிரச்சினை" என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறோம். ஹீமோகுளோபின் சோதனைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கூடக் கிடையாது.

சரி, டாக்டரிடம் ஏன் முதலிலேயே போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன். இருபது வயதில். வலியில் கல்லூரி வராந்தாவில் மயங்கி விழுந்தபோது அம்மா கூட்டிப் போனார். டாக்டர் தலை நிமிராமல், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். ஆனது, சரியாகவில்லை. அடுத்தவர், "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்றார். பிறந்தது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காத பெண் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் இருக்கிறீர்களா? பொடி விற்கிறவன் கெட்டிக்காரன். "உங்களுக்கு வலிக்கிறதா? யாருக்கும் புரியவில்லையா?" என்று ஆரம்பிக்கிறான். அந்தக் கேள்விக்குத்தான் 1,499 ரூபாய் கொடுக்கிறோம். பொடி இலவசம் மாதிரி.

அந்த விளம்பரங்களில் வரும் இன்னொரு வார்த்தை, "நீர்க்கட்டியைக் கரைக்கும்". பிசிஓஎஸ் (டப்பாவில் பிசிஓடி என்று போட்டிருந்ததும் இதைத்தான்) என்றால் சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் ஆட்கள் மொழிபெயர்த்து வைத்ததில் வந்த வினை. ஸ்கேனில் முத்து முத்தாகத் தெரிபவை கட்டிகளே இல்லை. வளர ஆரம்பித்து, முட்டையை வெளியிடாமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். கரைக்க அங்கே கட்டி எதுவும் கிடையாது. மாதவிடாய் தவறுவது, ஆண் ஹார்மோன் கூடுவது, ஸ்கேனில் இப்படித் தெரிவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ் என்று 2003-இல் ராட்டர்டாமில் கூடிப் பேசி வகுத்தார்கள். அதையும் தைராய்டு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கோளாறெல்லாம் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும். பரு இருக்கிறது, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது, ஆகவே பிசிஓடி என்று ரீல்ஸ் பார்த்து முடிவு செய்வது நோய் கண்டறிதல் ஆகாது.

"மாத்திரை கெமிக்கல், இது மூலிகை" என்பவர்களுக்கு ஒரு கதை. திருச்செந்தூர் போகணும், வீட்டில் கல்யாணம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கூட இல்லாமல் "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்டு வாங்குகிறோமே, அது நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. மாதவிடாய் வலிக்கு மாத்திரை போடாதே, கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்று மிரட்டும் அதே அத்தைதான் இதை வாங்கிக் கைப்பைக்குள் திணிப்பார். இந்த நோரெதிஸ்டிரோன் முதன்முதலாக 1951-இல் மெக்சிகோவில் உருவானது. மூலப்பொருள் அங்கே காட்டில் விளையும் ஒரு வகை வள்ளிக்கிழங்கு. அதிலிருந்து எடுத்த டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் படிப்படியாக மாற்றி அதைச் செய்தார்கள். அதே டயோஸ்ஜெனின் நம் வெந்தயத்திலும் இருக்கிறது.

"பார்த்தாயா, வெந்தயத்தில் ஹார்மோன் இருக்கிறது" என்று இந்த இடத்தில்தான் பொடிக்காரர்கள் குதிப்பார்கள். இல்லை. கிழங்கில் இருப்பதை ஹார்மோனாக மாற்றியது ஆய்வுக்கூடம். அந்த மாற்றத்தைச் செய்ய நம் உடம்புக்கு வழி கிடையாது. கிலோ கணக்கில் வெந்தயம் தின்றாலும் அது புரோஜெஸ்டிரோன் ஆகாது. பிசிஓஎஸ்-க்கு டாக்டர்கள் கொடுக்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மருந்தாகக் கொடுத்த ஒரு செடிதான். எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்று உட்கார்ந்து பார்த்ததால் அவை மருந்தாயின.

எவ்வளவு என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த டப்பாவில் இருந்த அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது வேறு. தினமும் மாதக்கணக்கில் உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். மெனோபாஸ் வயதில் பிரஷர் மாத்திரை போடும் பெண்ணுக்கும் இதே டப்பாதானே போகிறது?

அசோகப்பட்டை விஷயம் இன்னும் வேடிக்கை. நம் ஊரில் பள்ளிக்கூட மதில் ஓரமாக நெட்டையாக நிற்கும் மரத்தைக் காட்டி எல்லோரும் அசோகா மரம் என்போம். அது நெட்டிலிங்கம். மருந்தாகும் அசோகு வேறு மரம், கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். காட்டில் அது அருகிக்கொண்டே வருகிறது. அதனால் அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது பழைய மோசடி. சித்த மருத்துவர்களே வருத்தப்பட்டுச் சொல்லும் விஷயம் இது. அந்த ரோஸ் டப்பாவில் எந்த மரம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டமே இல்லையா என்றால், 1954-இலிருந்து இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான மத்தியச் சட்டம் அது. அதன் மூன்றாவது பிரிவு, பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுபது வருடத்துக்கு முந்தைய சட்டம், நம்மை ஏமாற்ற எது சுலபமான வழி என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. என் போனில் நேற்று மட்டும் அப்படி நான்கு விளம்பரம் வந்தது. "கோளாறைச் சரிசெய்யும்" என்பதற்குப் பதில் "சமநிலைக்கு உதவும்" என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். சமநிலை என்ற வார்த்தைக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அக்கா மகளிடம் திட்டாமல் பேசினேன். திட்டினால் அடுத்த டப்பாவை எனக்கும் மறைத்துத்தான் வாங்குவாள். "பொடியை ஒரு வாரம் ஓரமா வை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துட்டு வா, காசு நான் தர்றேன்" என்றேன். டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்) 14 வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். அது இப்படி ஏறினால் தைராய்டு சுரப்பு குறைவு என்று அர்த்தம். பீரியட்ஸ் தவறியது, முடி கொட்டியது, அசதி எல்லாம் அதில் அடங்கிவிட்டது. எந்த ஹார்மோன் என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஒரு பட்டன் அளவு கூட இல்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அம்மாவிடமும் அவளே சொல்லிவிட்டாள். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அது தனிக் கதை.

நேற்று போனில், "அப்ப ஆச்சியோட களி சாப்பிடலாமா சித்தி?" என்று கேட்டாள். தாராளமா சாப்பிடு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றேன். பக்குவம் அவளுக்கு எழுதினதை இங்கேயும் போடுகிறேன். தோலோடு உள்ள கருப்பு உளுந்து ஒரு டம்ளர், பச்சரிசி கால் டம்ளர், தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளவும். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டவும், மண் இருக்கும். ஆறிய கருப்பட்டித் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பை மட்டாக வைத்துக் கைவிடாமல் கிண்டவும். இடையிடையே நல்லெண்ணெய், கஞ்சத்தனம் வேண்டாம். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சூட்டோடு உருட்டி, நடுவில் குழி செய்து, அதிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சாப்பிடவும்.