கொழும்புக்கு கரண்ட் கோச்சி (மின்சார ரயில்) எப்ப வரும்?

இண்டைக்கும் அதே கதைதான். பின்னேரம் வேலை முடிஞ்சு பிளாட்போமில நிக்கிறன், பக்கத்து லைன்ல ஒரு டீசல் எஞ்சின் எங்கயும் போகாம இருபது நிமிசமா உறுமிக்கொண்டு நிக்குது, மேல கூரை, புகை போக வழியில்லை, எனக்கு முன்னால ஒரு அக்கா கைக்குழந்தையின்ர முகத்தை சாரித் தலைப்பால மூடிக்கொண்டு இருமுறா. ஏன் நிப்பாட்டி வைக்கேலாது எண்டு கேட்டா, நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வராதாம். இது ஒரு பதிலா?

வெள்ளவத்தையில மெரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ. கடல் காத்து வீசத் தொடங்கினா கரையோர ரயில் லைன் புகை நேர வீட்டுக்குள்ளதான், பல்கனியில காயப்போட்ட வெள்ளைச் சேர்ட்டில கரி. டீசல் புகை புற்றுநோயைக் கொண்டுவரும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின்ர புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012லயே சொல்லிப்போட்டுது, சிகரெட் புகை இருக்கிற அதே முதலாம் பட்டியல்ல.

கதைச்சா உடன "புது எஞ்சின் வரும், புகை குறையும்" எண்டுறாங்க. வரட்டும், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. 1954ல கனடா தந்த எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா எண்டு பேர் போட்டது, அதுகளை இத்தின வருசம் திருத்தித் திருத்தி ஓட்டின வேர்க்‌ஷொப் ஆக்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனா அந்தக் காலத்து எஞ்சினில புகையை வடிகட்ட ஒண்டுமே இல்லையே. அமெரிக்காவில 2015இல இருந்து செய்யிற எஞ்சினுக்கு டியர் 4 எண்டு புகையைக் கட்டுப்படுத்திற கடும் விதி இருக்கு. அப்பிடி ஒண்டைக் கொண்டுவந்து இறக்கினாலும் கந்தகம் கூடின டீசலை ஊத்தினா புகையைச் சுத்தமாக்கிற ஃபில்டரும் கெட்டலிஸ்டும் கெட்டுப்போகும். பிறகு பழைய புகைதான்.

அதோட இது தூர ஓட்டமும் இல்லை. கொழும்புக் கோட்டையில இருந்து கல்கிசை வரைக்கும் கொஞ்ச தூரம் போக முதல் அடுத்த ஸ்டேசன் வந்திடும், நிக்கிறதும் எடுக்கிறதுமா இருக்கிற பாதையில டீசல் பவர் செட் (எஞ்சினும் பெட்டிகளும் ஒண்டாச் சேர்ந்த கோச்சி) ஒவ்வொரு தடவையும் முக்கி முக்கி எழும்பி கரும்புகை கக்குது. கரண்ட் கோச்சி சட்டெண்டு வேகம் பிடிக்கும், பிரேக் பிடிக்கேக்க கரண்டைத் திருப்பியும் குடுக்கும். பம்பாயில 1925லயே ஓடினது. மெட்ராஸ்ல பீச் - தாம்பரம் 1931ல. சான் பிரான்சிஸ்கோ - சான் ஹோசே லைன்ல 2024ல டீசலை எடுத்துப்போட்டு கரண்டுக்கு மாத்திட்டாங்க. எங்களிட்ட இண்டைக்கும் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை!

"கரண்டே வெட்டுற நாட்டில கரண்ட் கோச்சியா" எண்டு நக்கலடிக்கிறவங்களுக்கு ஒண்டு சொல்லுறன். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதுக்கு மழை இல்லாதது ஒரு காரணம், மற்றது எண்ணெய் வாங்க டொலர் இல்லை. அந்த எண்ணெயைத்தானே கோச்சிக்கும் ஊத்துறம்? கரண்ட் எடுக்கிற லக்சபானைத் தண்ணியும் மன்னார்க் காத்தும் எங்கட, டீசல் எங்கடயா? எண்ணெய் ஷெட்டில நாள்கணக்கா வரிசையில நிண்டதெல்லாம் அதுக்குள்ள மறந்து போச்சா?

முழு நாட்டுக்கும் ஒரே நாள்ல கோச்சிக்கு கரண்ட் கம்பி கட்டச் சொல்லேல்லை. மருதானையில இருந்து கல்கிசை வரைக்கும் முதல்ல கட்டுங்கோ, பதினஞ்சு கிலோமீட்டர் அளவுதான் வரும், நிறையச் சனம் ஏறுற பாதை அது. அது வரும்வரைக்கும் பிளாட்போமில சும்மா நிக்கிற எஞ்சினையாவது நிப்பாட்டி வையுங்கோ.