தன்னார்வலருக்கு முதலில் வேலையைக் காட்டுங்கள்

புத்தகத் திருவிழா, மாரத்தான், இரத்ததான முகாம், அறிவியல் கண்காட்சி என எந்தப் பொது நிகழ்வை நடத்துகிறவர்களோடு பேசினாலும், “இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பளமில்லாத வேலைக்கு வருவதில்லை” என்ற வருத்தத்தைக் கேட்க நேர்கிறது. இத்தகைய நிகழ்வுகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒருங்கிணைக்கும் பொறுப்பில் நெடுங்காலமாக இருந்து வருவதால், அந்த வருத்தத்தில் நியாயம் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைத் தெருக்களில் படகும் உணவுப் பொட்டலமுமாக இறங்கியவர்களில் பெரும்பாலோரை யாரும் படிவம் கொடுத்துச் சேர்க்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் குப்பையைத் தாங்களே அள்ளினார்கள். போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்தினார்கள். மனமுள்ளவர்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் வந்து நிற்கும்போது கையில் கொடுப்பதற்கு வேலை ஆயத்தமாக இல்லாததே நம் நிகழ்வுகளின் பெருங்குறை. ஒரு நாள் முழுவதும் சும்மா நின்றுவிட்டுத் திரும்பியவர் அடுத்த ஆண்டு அழைத்தால் வரமாட்டார்.

இது நேற்று முளைத்த குறையும் அன்று. 1901 டிசம்பரில் தின்ஷா வாச்சா தலைமையில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி சென்றார். அங்கே தொண்டர்களிடம் கண்டதைப் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அதை இன்னொருவரிடம் தள்ளுவார். அந்த இன்னொருவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். ஆண்டுக்கு மூன்று நாள் கூடிக் கலைகிற இடத்தில் இவர்களுக்கு என்ன பயிற்சி கிடைத்துவிடும் என்றும் அவர் கேட்கிறார். மாநாடு தொடங்க இரண்டு நாள் இருக்கையில், தம்மைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லி அவரே அலுவலகத்துக்குப் போனார். மாநாட்டுச் செயலாளர்களில் ஒருவரான பூபேந்திரநாத் பாசு தம்மிடம் வேலை எதுவும் இல்லை என்று சொல்லி, மற்றொரு செயலாளரான ஜானகிநாத் கோஷாலிடம் அனுப்பிவைத்தார். கோஷாலோ, எழுத்தர் வேலைதான் தர முடியும், செய்வீர்களா என்று கேட்டுவிட்டு, பதில் எழுதப்படாமல் குவிந்து கிடந்த கடிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஒரே மாநாட்டில், ஒரே நாளில், ஒருவரிடம் வேலையே இல்லை. மற்றவரிடம் மேசை நிறைய இருக்கிறது. கோஷாலுக்குத் தம் மேசையில் என்ன தேங்கியிருக்கிறது என்பது தெரிந்திருந்தது. வந்தவரால் எதைச் செய்ய முடியும் என்று கேட்டு அறியும் பொறுமையும் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பின் பெரும்பகுதி இவ்விரண்டிலும் அடங்கிவிடும் என்று நான் கருதுகிறேன். ஆகவே ஆள் சேர்ப்பதற்கு முன் வேலைப் பட்டியலை எழுதுங்கள் என்று, என்னிடம் ஆலோசனை கேட்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். “நூறு பேர் தேவை” என்பது பட்டியல் ஆகாது. எந்த இடத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன செய்ய வேண்டும், அதற்கு நிற்க வேண்டுமா, நடக்க வேண்டுமா, எடை தூக்க வேண்டுமா, யாரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்ற அளவுக்கு ஒவ்வொரு வேலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதத் தொடங்கினால், நூறு பேர் என்று நினைத்த இடத்தில் அறுபது பேர் போதும் என்பதும், யாருமே தேவையில்லை என்று நினைத்த வாசல் ஒன்றில் நான்கு பேர் கட்டாயம் தேவை என்பதும் தானாகத் தெரியவரும்.

மாரத்தான் பாதையில் இருக்கும் ஒரு தண்ணீர் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நான்கு மேசையும் தண்ணீர்க் கேன்களும் மட்டுமே. அங்கே கோப்பைகளை நிரப்புவது ஒருவர் வேலை, கையில் ஏந்தி ஓடுபவருக்குக் கொடுப்பது இன்னொருவர் வேலை, ஓ.ஆர்.எஸ். கரைசலை அளவு பார்த்துக் கலப்பது மூன்றாமவர் வேலை. வீசப்படும் கோப்பைகளைப் பெருக்கி எடுப்பது நான்காமவர் வேலை. கோப்பையை விளிம்புவரை நிரப்பினால் ஓடுகிறவர் மேல் சிந்தும். பாதியளவு நிரப்ப வேண்டும். ஒரு வரிசைக் கோப்பைகளின் மேல் அட்டையைப் பரப்பி அடுத்த வரிசையை அடுக்கி வைத்தால்தான், கூட்டமாக ஓடிவரும் அந்தச் சில நிமிடங்களைச் சமாளிக்க முடியும். தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் தனித்தனி மேசைகளில் இருக்க வேண்டும். எது எதுவென்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பவர் சாலைக்குள் இறங்கி நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியாக ஓடிவருபவர் கடந்து போகும்வரை நிலையத்தைக் கலைக்கக் கூடாது. ஏனென்றால் ஐந்து, ஆறு மணி நேரமாக வெயிலில் வரும் அவருக்குத்தான் அந்தத் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிறது. இவற்றில் ஒன்றுகூடக் கற்பதற்குக் கடினமானதன்று. பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுக்காமல் விட்டால், நல்ல மனத்தோடு வந்த இருபது பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைய களேபரத்துக்கு அவர்களையே குற்றம் சொல்லுவோம்.

இதே நிலையத்துக்கு ஆட்கள் அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் வந்து சேர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நகரப் பேருந்து அனேகமாகக் கிடையாது, மெட்ரோ கிடையாது. வருவதாகச் சொன்னவர்களில் பலர் வராமல் போவதற்கு அக்கறையின்மையைக் காரணம் காட்டுவதற்கு முன், ஒரு கல்லூரி மாணவி அந்த நேரத்தில் வீட்டிலிருந்து எப்படிப் புறப்படுவாள் என்று நாம் யோசித்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டாரவாரியாகப் பெயர்களைப் பிரித்து ஒரு வேனில் அழைத்து வருவது, அல்லது முந்தைய இரவே அருகிலுள்ள மண்டபத்தில் தக்க பாதுகாப்போடு தங்கவைப்பது, வீட்டாரிடம் பேசுவதற்கு ஒரு மூத்த பெண் ஒருங்கிணைப்பாளரைப் பொறுப்பாக்குவது ஆகிய ஏற்பாடுகளைச் செய்த இடங்களில் வருகை பெரிதும் கூடியதை நான் கண்டிருக்கிறேன்.

ஆள் சேர்க்கும் முறையைப் பற்றியும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கூகுள் படிவத்தை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்துவிட்டுக் காத்திருப்பது ஆள் சேர்ப்பு ஆகாது. அது பெயர் சேர்ப்பு மட்டுமே. படிவத்தில் பெயர் கொடுத்த ஒவ்வொருவரோடும் யாராவது ஒருவர் ஐந்து நிமிடமாவது பேச வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கு ஏறத்தாழ 2,40,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களிலிருந்து நேர்காணல் நடத்தி 70,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். குறைந்தது பத்து நாள் பணியாற்ற வேண்டும், பயிற்சிக்கும் வர வேண்டும், சீருடையும் பணி நேர உணவும் நகருக்குள் பயணச் செலவும் உண்டு, தங்குமிடம் கிடையாது என்பதெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. இல்லாததை இல்லை என்று முன்னதாகச் சொல்லிவிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் ஊர் நிகழ்வுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லைதான். ஆனால் ஐந்து நிமிட உரையாடலில், வந்தவருக்குக் கணினியில் தட்டச்சு செய்யத் தெரியும் என்பதோ, நெடுநேரம் நின்றால் முழங்கால் வலிக்கும் என்பதோ, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு என்பதோ தெரிந்துவிடுகிறது. தம்மோடு ஒருவர் பேசியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, வர முடியாத சூழலில் முந்தைய நாளே தகவல் சொல்லிவிடுபவர்கள் பலர்.

பேசுகிற விதமும் முக்கியம். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முன், 2021 பிப்ரவரியில், அமைப்புக் குழுத் தலைவராக இருந்த யோஷிரோ மோரி, பெண்கள் கலந்துகொண்டால் கூட்டங்கள் நீண்டுவிடுகின்றன என்ற பொருள்பட இழிவாகப் பேசினார். அவர் பதவி விலக நேர்ந்தது. அந்த மாதத்திலேயே ஆயிரம் தன்னார்வலர்கள் அளவில் விலகினார்கள். போட்டி தொடங்குவதற்கு முன், சேர்ந்திருந்த 80,000 பேரில் ஏறத்தாழ 10,000 பேர் வெளியேறியிருந்தார்கள். கொரோனா அச்சமும் ஓராண்டு ஒத்திவைப்பும் அதற்குப் பெரிய காரணங்கள் என்றாலும், தலைமையில் இருப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லைக் கடைசி வரிசையில் நிற்பவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. சம்பளம் வாங்குபவர் பொறுத்துக்கொள்ளக் கூடிய அவமதிப்பைத் தன்னார்வலர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சண்டையும் போடமாட்டார், வராமல் இருந்துவிடுவார்.

கல்லூரிகளிலிருந்து மொத்தமாக மாணவர்களை அழைத்து வரும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட அருமையான திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அடிப்படை. அந்த மணிக்கணக்கை நிரப்புவதற்காக, எங்கே போகிறோம் என்றே சொல்லப்படாமல் பேருந்தில் ஏற்றப்பட்டு, முக்கியப் பிரமுகர் வரும் விழாவில் வெயிலில் கயிறு பிடித்து நிற்கவைக்கப்பட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் இல்லை. கழிவறை எங்கே என்று சொல்ல ஆளில்லை. மேடைக்குப் பின்னால் விருந்தினருக்கு மட்டும் உணவு. அந்தப் பிள்ளைகள் அன்று கற்றுக்கொண்டு போனது தொண்டின் மேல் வெறுப்பைத்தான். திட்ட அலுவலர்களாக இருக்கும் பேராசிரியர்கள், நிகழ்ச்சியின் பணிப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே மாணவர்களை அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டியல் தர முடியாதவர்களுக்கு மாணவர்களை அனுப்ப வேண்டாம்.

கயிறு பிடிப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்ட நெரிசல் உயிர்களைப் பறிக்கும் என்பதை 1992 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் பார்த்தவர்கள் நாம். அப்படியிருந்தும், தள்ளுமுள்ளு வரக்கூடிய இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கைகோத்து நிற்கச் சொல்வதைப் பலர் இன்றும் இயல்பான ஏற்பாடாக நினைக்கிறார்கள். தன்னார்வலர் வழி சொல்லலாம், வரிசையைக் காட்டலாம், மயங்கியவரைப் பார்த்தால் தகவல் தரலாம். கூட்டத்தை உடலால் தடுத்து நிறுத்துவது காவல்துறையும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் செய்ய வேண்டியது. அதேபோல, பணப்பெட்டியில் ஒருவரைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது; கணக்கு குறைந்தால் நேர்மையானவர்மேல் பழி விழும். எப்போதும் இருவர் இருக்கட்டும்.

நிகழ்ச்சி நாளில் குழப்பத்தைத் தவிர்க்க, பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்ற அளவும், ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கும் வேண்டும். நம் கோயில் திருவிழாக்களின் மண்டகப்படி முறையில், இன்ன நாளின் செலவும் ஏற்பாடும் இன்னாருடைய பொறுப்பு என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த உரிமை பல ஊர்களில் சாதியின் பெயரால் சிலரை வெளியே நிறுத்தியிருக்கிறது. அதை ஒருபோதும் போற்ற முடியாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பத்து நாள் திருவிழாகூடக் கூச்சலின்றி நடக்கும் என்பதை நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் நிகழ்வுகளிலோ, அரங்கப் பொறுப்பாளர் ஒன்று சொல்வார், அமைப்பின் பொருளாளர் வேறொன்று சொல்வார், வழியில் போகும் நிர்வாகி ஒருவர் “தம்பி, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வா” என்று அழைத்துப் போய்விடுவார். தகவல் மேசை காலியாகக் கிடக்கும். நிர்வாகிகளுக்கும் ஒரு பயிற்சி தேவை என்றால் அது இதுதான்: பொறுப்பாளரைக் கேட்காமல் தன்னார்வலரை நகர்த்தக் கூடாது.

ஒருவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாகப் பணி தராதீர்கள். அடுத்த பணிநேரத்துக்கு வருபவர் கால் மணி நேரம் முன்னதாக வந்து, முந்தையவரிடம் கேட்டுப் பொறுப்பேற்கட்டும். உணவு உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும், பேட்ஜில் பெயர் தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் அஞ்சல் ஊழியர்களையும் நாம் போதுமான அளவு அழைப்பதில்லை. பதிவு மேசையில் அவர்களுக்கு இணையான பொறுமை இளையவர்களிடம் அரிது.

இவ்வளவுக்கும் பணம் வேண்டும். இலவசமாக வருகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். பயணச் செலவைத் தராத நிகழ்வுக்குச் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமே தொடர்ந்து வர முடியும். தாம்பரத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் மாணவனும், அன்றைய பகுதிநேர வேலைக் கூலியை விட்டுவிட்டு வரும் மாணவியும் ஒருமுறை வருவார்கள். மறுமுறை வர விரும்பினாலும் கையில் காசு இருக்காது. பிறகு, தன்னார்வலர்கள் எல்லோரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று நாமே விமர்சனமும் செய்கிறோம். மேடை, ஒலிபெருக்கி, பதாகை, விருந்தினர் தங்குமிடம் என்று வரவுசெலவுத் திட்டத்தில் தலைப்புகள் போடும்போதே ‘தன்னார்வலர்’ என்றும் ஒரு தலைப்பு போட்டு, பேருந்துக் கட்டணம், இரண்டு வேளை உணவு, குடிநீர், முதலுதவி, அதிகாலை வேன், ஒருநாள் விபத்துக் காப்பீடு ஆகியவற்றை அதன் கீழே எழுதுங்கள். நிதி குறைந்தால் பதாகையின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான் ஒருங்கிணைக்கும் நிகழ்வுகளில் இந்தத் தலைப்பு இல்லாத வரவுசெலவுத் திட்டத்தில் இனிக் கையெழுத்திடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.